நல்லா இருக்கேன் சார்

பட்டாளத்தில் அடிபட்டதற்கான பென்ஷனை என் வீட்டுக்காரருக்குத் தர மறுத்துவிட்டார்கள். பரிசோதித்த பட்டாளத்து டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும் விறைப்பாக நின்று, "நல்லா இருக்கேன் சார்" என்றிருக்கிறார். அதிகாரி கேட்டால் அங்கே அதுதான் பதிலாம்!

மேல்முறையீட்டுக்காகப் புதிதாக ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பை ஒட்டி வெடிகுண்டின் இரும்புத்துண்டு பளிச்சென்று தெரிந்தது.

"இந்தத் தடவையாவது வலிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லித் தொலைங்க" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். தலையாட்டினார்.

புது டாக்டர் ஸ்கேன் உறையைப் பிரிக்கவேயில்லை. "இப்ப எப்படி இருக்கு?"

கைத்தடியை என்னிடம் தள்ளிவிட்டு மனுஷன் எழுந்து நின்றார். "நல்லா இருக்கேன் சார்."

"அவர் வாயப் பாக்காதீங்க சார், படத்தப் பாருங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"சத்தம் போடாதீங்கம்மா" என்ற டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம், "நீங்க உட்காருங்க" என்றார்.

அவர் முயன்றார். இடுப்பு மடங்கவில்லை. மறுபடி முயன்றார். "நின்னுக்கிறேன் சார்" என்றார்.

ஓர் அதிகாரி சொல்லி அவர் கேட்காததை அன்றுதான் பார்த்தேன்.