கார்டைத் தொடக்கூடாது

ராம்பிரசாத் போட்ட வீடியோ மூன்று நாளில் போடி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை அவன். மலைப்பாதை, மழை, ஜீப்பு என்று எதையாவது படம்பிடித்துப் போடுவான். பார்க்கவும் ஆள் இருந்தது. இந்தத் தடவை தன் கம்ப்யூட்டரைக் காட்டியிருந்தான். திரையில் ஒரு காட்டு விளையாட்டு ஓடியது. மரங்களெல்லாம் அட்டையை வெட்டி நட்டுவைத்த மாதிரி நின்றன. ஆட்களின் முகம் ஈரத்துணியால் துடைத்தெடுத்தது போல இருந்தது.

"புதுக் கார்டுன்னு சொல்லிப் பழசைத் தலையில கட்டிட்டாங்க. பொம்பளப் பிள்ளைய விட்டு மாட்டச் சொன்னா இப்பிடித்தான்" என்று சொல்லி, கடை பில்லையும் காட்டினான். பில்லின் கீழே சூர்யகலாவின் கையெழுத்து இருந்தது.

சிலமலையிலிருந்து தினமும் பஸ்சில் வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண்ணுச்சாமியின் கம்ப்யூட்டர் கடையில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறவள் சூர்யகலா. அந்த மிஷினை ஒவ்வொரு திருகாக அவள்தான் பூட்டினாள். விளையாட்டுப் படங்களைத் தீட்டித்தரும் கிராபிக்ஸ் கார்டின் பெட்டியை ராம்பிரசாத்தின் கண் முன்னால்தான் பிரித்தாள். வீடியோவுக்குக் கீழே வந்ததையெல்லாம் அவள் படித்தாள். படிக்காமல் இருந்திருக்கலாம். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தன்கூட சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தான்.

"போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு, என்னன்னு பாத்துட்டு வந்துரு தாயி. பெரிய எடம்" என்றார் கண்ணுச்சாமி.

"பாக்குறேன்ணே. மன்னிப்பெல்லாம் கேக்க முடியாது."

மறுநாள் காலையில் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறினாள். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகளில் ஜீப்பு ஏற ஏற, பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தன்னைப் பற்றியோ என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் பேசியது யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ. அப்படியெல்லாம் நினைக்க வைத்துவிட்டானே என்றுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

மலை உச்சியின் மெட்டுக்கு அப்பால், ஏலச்செடிகளுக்கு நடுவில் இருந்தது வீடு. ராம்பிரசாத் செல்போனைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்தான். படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"வந்தாச்சு. கடையிலருந்து அனுப்பி வச்சிருக்காக" என்றான், போனைப் பார்த்து. பிறகு அவளிடம், "ஒண்ணு சொல்லிப்புடுறேன். கார்டைத் தொடக்கூடாது. கழட்டுறேன்னு சொல்லி நல்லதை உருவிட்டு வேறத வச்சிட்டுப் போயிருவீங்க."

'அண்ணே' என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. "தொடல. மிஷினைப் போடுங்க" என்றாள்.

விளையாட்டை ஓட விட்டுப் பார்த்தாள். செட்டிங்ஸில் எல்லாமே அடிமட்டத்தில் கிடந்தன. நிழல் இல்லை, தண்ணீரில் பிம்பம் இல்லை, ரெசல்யூஷனைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கியிருந்தான்.

"இதையெல்லாம் யாரு கொறச்சது?"

"நான்தான். கூட்டி வச்சா திக்கித் திக்கி ஓடுது. உங்க கார்டு லட்சணம் அப்பிடி."

கார்டின் வேலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டு ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடந்தது. கார்டின் செட்டிங்ஸைத் திறந்தால், இந்தக் கார்டில் மானிட்டர் எதுவும் மாட்டப்படவில்லை என்று ஒரு வரி வந்தது. அதை இரண்டு தடவை படித்தாள்.

"மேசைய எடம் மாத்துனீங்களா?"

"ஜன்னலோரம் போட்டேன். அதுக்கென்ன?"

"மிஷினுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. மானிட்டர் வயரு மேல இருக்குற ஓட்டையில குத்தியிருக்கு. அது மதர்போர்டோடது, அதுல குத்துனா கார்டு சும்மா கெடக்கும். கீழ படுக்கவசமா மூணு ஓட்டை இருக்குல்ல, அதுதான் கார்டு. நான் தொடல. நீங்களே கழட்டி அங்க குத்துங்க. போனை அணைக்காதீங்க."

ராம்பிரசாத் சிரித்தான். குனிந்து ஒரு கையால் வயரை உருவினான். இன்னொரு கையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே குத்தினான். திரை கறுத்து, மீண்டும் வந்தது.

"இப்ப ரெசல்யூஷனை முழுசா வைங்க. நிழலையும் கூட்டுங்க."

கூட்டினான். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. அட்டை மரங்களுக்கு இலை முளைத்தது. ஓடைத் தண்ணீரில் வானம் விழுந்தது.

அவன் போனை அணைத்துப் பைக்குள் வைத்தான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"எடுத்தது போதும்." வாசல் பக்கம் திரும்பி, "ரோஜா, தூசி தட்டுறேன்னு வயரைப் பிடுங்கி மாத்திக் குத்துனியா?" என்று கத்தினான்.

அவன் மனைவி ரோஜா கதவருகில் வந்து நின்றாள். "அந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? மேசைய இழுத்தது யாரு?"

"நீ உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றாள்.

"ஒரு வயரை மாத்துறதுக்கு மலையேறி வந்திருக்கா பாரு" என்றான் ராம்பிரசாத், யாரிடம் என்றில்லாமல். "சரி, வந்ததுக்கு மிச்ச செட்டிங்ஸையும் சரிபண்ணிட்டுக் கெளம்பு."

"மொதல்ல நீங்க போட்ட வீடியோவ அழிங்க."

"கண்ணுச்சாமிக்குப் போன் போடவா?"

"போடுங்க." சூர்யகலா பையின் வாரைத் தோளில் மாட்டினாள்.

"அழிச்சு விட்டுருங்க. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ரோஜா.

அவன் மனைவியை முறைத்தான். பிறகு போனை எடுத்து அழித்தான். அழித்ததைக் காட்டக்கூட இல்லை. சூர்யகலாவே தன் போனில் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

அரை மணி நேரம் உட்கார்ந்தாள். இலை ஓரங்களில் இருந்த படிக்கட்டு போன்ற வெட்டுகளைப் போக்கினாள். நிழலை ஒரு படி இறக்கினாள். உச்சியில் வைத்தால் கார்டு வீணாகச் சூடாகும். மூடுபனி, வெளிச்சம், தூரத்து மலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டாள். மோசமாக வைத்துவிட்டுப் போக ஆசை இருந்தது. கை அதற்கு வளையவில்லை.

கடைசியாக மானிட்டரின் வேகம் இருந்தது. நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு படம் காட்டக்கூடிய மானிட்டர் அது. வயர் மாறியதில் அறுபதில் வந்து நின்றிருந்தது. ஒரு சொடுக்கு போதும். "முடிஞ்சிருச்சா? வெரசா ஆகட்டும், எனக்குச் சோலி கெடக்கு" என்று ராம்பிரசாத் பின்னாலிருந்து சொன்னான்.

"முடிஞ்சிருச்சு" என்று அறுபதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

அவன் அழித்தாலும், வீடியோவை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தவர்கள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர், "அந்தப் பிள்ள மாட்டுறதுன்னா வேணாம்" என்று கண்ணுச்சாமியிடம் அவள் காதுபடவே சொன்னார். கண்ணுச்சாமி மறுத்துப் பேசவில்லை.

பத்து நாள் கழித்து ராம்பிரசாத் போன் செய்தான். "வேகமாத் திரும்புறப்ப படம் லேசா இழுக்குது. கூட்டாளி வீட்டுல இதே மானிட்டருதான், வழுவழுன்னு ஓடுது."

"ஆமா, இழுக்கும்."

"தெரிஞ்சே விட்டுட்டு வந்தியா?"

"தெரிஞ்சேதான். ஒரு வீடியோ போடுங்க. கார்டு நல்ல கார்டு, வயரை மாத்திக் குத்துனது நான்தான்னு அதுல சொல்லுங்க. போட்ட அஞ்சாவது நிமிஷம் எங்க மாத்தணும்னு சொல்றேன்."

"வயரு மாட்டுறவளுக்கு இம்புட்டுத் திமிரு ஆகாது."

போனை வைத்துவிட்டான்.

கண்ணுச்சாமி மேசையிலிருந்து நிமிர்ந்தார். "போன்லயே சொல்லிட்டா என்ன தாயி? பெரிய வேலையா?"

"மாத்த வேண்டியது ஒரு நம்பருதாண்ணே."

"அப்ப சொல்லிரேன். எனக்கும் அவங்க தயவு வேணும்ல."

"நம்பரு உங்களுக்கும் தெரியும். நீங்க வேணா சொல்லுங்க. சொன்னீங்கன்னா நாளைக்கு நான் கடைக்கு வர மாட்டேன்."

கண்ணுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவர் சொல்லவில்லை. ராம்பிரசாத்தும் வீடியோ போடவில்லை.