க்ரேன் போடாத ஓட்டு

அல்ஃபியஸ் க்ரேன் போகிற விருந்திலெல்லாம் யாராவது எழுந்து அவருடைய நாணயத்தைப் புகழ்ந்து பேசாமல் விடமாட்டார்கள். உடனே அவர் வான்கோழிக் கறித் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். இண்டியானாவில் அவர் வாதாடி ஜெயித்த வழக்குகள் எத்தனை, சட்டசபையில் போராடி வாங்கித் தந்த பள்ளிக்கூடங்கள் எத்தனை! அதையெல்லாம் விட்டுவிட்டு, பாழாய்ப்போன அந்த ஒரு நாளைத்தான் ஊர் கொண்டாடிற்று.

அந்தக் காலத்தில் விவாகரத்துக்குக் கோர்ட் கைவிரித்துவிட்டால், சட்டசபை தனி மசோதா போட்டு விடுவித்தால்தான் உண்டு. கெசியா மன் என்ற பெண்ணைப் புருஷன் குடித்துவிட்டு அடித்துக் கையை ஒடித்திருந்தான். அவளுக்காக மசோதா கொண்டுவந்தவர் க்ரேன். உன்னை அவனிடமிருந்து மீட்டுக் கொடுப்பது என் பொறுப்பு, கவலைப்படாதே என்று அவளிடம் சொல்லியும் இருந்தார்.

ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் எதிர்க்கட்சி உறுப்பினர் ப்ளைத் வந்தார். மகனுக்கு விஷக்காய்ச்சல், ஊருக்குப் போயே ஆகவேண்டும். எங்கள் பக்கம் ஒரு ஓட்டுக் குறையும், நான் திரும்பும்வரை நீங்களும் ஓட்டுப் போடாமல் இருங்கள் என்று கேட்டார். சபையில் இது வழக்கம்தான். கைகுலுக்கினால் போதும். எப்படியும் ஜெயிக்கிற மசோதாதானே என்று க்ரேன் கையைக் கொடுத்துவிட்டார்.

ஓட்டெடுப்பு அன்றைக்குப் பார்த்தா ஆற்றில் வெள்ளம் வரவேண்டும்! மசோதாவை ஆதரித்தவர்களில் சிலர் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக நின்றது. க்ரேன் ஒருவர் போட்டால் ஜெயம், போடாவிட்டால் மசோதா தோற்றது. பக்கத்து நாற்காலிக்காரர் அவர் விலாவில் இடித்தார்.

"போட்டுத் தொலைய்யா. ப்ளைத் என்ன வந்து பாக்கவா போறான்?"

மாடியில் பார்வையாளர் வரிசையில் கெசியா உட்கார்ந்திருந்தாள். க்ரேன் எழுந்து, ப்ளைத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் ஓட்டுப் போட மாட்டேன் என்றார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மேஜையைத் தட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள். அந்தச் சத்தம் அவருக்கும் கொஞ்சம் இனித்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் உள்ளுக்குள் வெந்து செத்தார்.

வெளியே வாசலில் கெசியா நின்றாள். வாக்குத் தவறினால் நான் மனுஷனே இல்லை என்று அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவள் முழுக்கக் கேட்கவில்லை.

"எனக்கும் வாக்குக் குடுத்தீங்களேய்யா. நான் ஆம்பிளையா இருந்திருந்தா அதுவும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்."

மசோதா தோற்றதும் அவளைத் திரும்பக் கூட்டிப்போக, கீழே வண்டியில் அவள் புருஷன் காத்திருந்தான். அவள் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.