தொண்ணூற்று இரண்டு கிலோமீற்றர் முற்றம்

அஸ்பியாவுக்குக் காவின் எழுதிய வெள்ளிக்கிழமை கேற்றடியில் நின்றவர்கள்: மாப்பிள்ளை றிபாத், வயது முப்பத்தாறு, கல்முனை–திருகோணமலை பஸ் சாரதி; அவனுடைய மூத்த சகோதரி; பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி விவாகப் பதிவாளர்; சாட்சிக்கு வந்த பள்ளிவாசல் நம்பிக்கையாளர் இருவர்; பெண் வீட்டின் பழைய சாரதி பஹ்மி, மோட்டார் சைக்கிளோடு; வேடிக்கை பார்க்க வந்த ஒழுங்கைச் சனம் பதினேழு பேர். வீட்டுப் படியில் இருந்தவர்கள்: பெண்ணின் வாப்பா இஸ்மாலெவ்வை, முன்னாள் மாகாண சபை உறுப்பினர், பிளாஸ்ரிக் கதிரையில், உம்மா றஹீமா, ஜன்னலுக்குப் பின்னால் அஸ்பியா. கேற்றுக்கும் படிக்கும் இடையில் இருந்தது பார்வைக்கு முப்பது அடி மணல். நடந்தால் தொண்ணூற்று இரண்டு கிலோமீற்றர்.

2017 கடைசியில் மாகாண சபையின் காலம் முடிந்து, வாகனத்தைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில்தான் அந்தத் தூரம் முற்றத்தில் கிடந்தது முதலில் தெரியவந்தது. றஹீமா மீன் வாங்கத் தட்டோடு படியிறங்கினார். கேற்றை அடைந்தது மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு. மீன்காரர் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. அந்த மூன்று நாளும் ஒழுங்கையில் போனவர்களெல்லாம் அவரைப் பார்த்தார்கள். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் தட்டோடு ஒரு பெண் மெதுவாக நடப்பதும், இரண்டு இரவு மணலில் முந்தானையை விரித்துப் படுப்பதும் தெரிந்தது. ஏதோ நேர்ச்சை என்று நினைத்தார்களாம். கால் வீங்கிக் கேற்றைப் பிடித்து நின்றவரைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக பஹ்மியின் மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. அதற்கு மூன்று மணித்தியாலமும் இரண்டு லீற்றர் பெற்றோலும் செலவானது. மீற்றரைப் பார்த்துத் தூரத்தைச் சொன்னவன் பஹ்மிதான்.

பிறகு ஊர் சோதித்துப் பார்த்தது. சத்தம் முப்பது அடிக்கான சத்தமாகவே போனது. வெளிச்சமும் அப்படித்தான். கேற்றிலிருந்து எறிந்த தேங்காய் மட்டும் ஒரு பகல் முழுக்க ஆகாயத்தில் நின்று, இருட்டியபின் படியில் விழுந்தது. பின்மதிலில் ஏணி வைத்தார்கள். அந்தப் பக்கமும் அதே தொண்ணூற்று இரண்டு. நில அளவையாளர் ஒருவர் சங்கிலியோடு உள்ளே போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார், அளவு சரி என்று எழுதிக் கொடுத்தார், காணியின் பரப்பு இருபது பேர்ச்சில் மாற்றமில்லை என்றும் எழுதினார். நாற்பத்தாறாவது கிலோமீற்றரில் தனியாக ஒரு அறை நிற்பதாகச் சொன்னவரும் அவர்தான். கதவில் ஆறாம் இலக்கம், உள்ளே பொலித்தீன் கழற்றாத மெத்தை, உறை பிரிக்காத சவர்க்காரம். அதைக் கேட்டதும் அஸ்பியா ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. வாப்பா உறுப்பினராக இருந்த ஒன்பது வருடத்தில் எட்டு வருடம் அவருடைய பயணச் செலவுப் படிவங்களை நிரப்பியவள் அவள். பதினைந்து வயதில் தொடங்கினாள். கையெழுத்து அழகு, ஆங்கிலமும் வரும். முதல் படிவத்தைப் பார்த்து இரண்டாவதை எழுதினாள், இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதை. முதல் படிவம் பொய்யில்லை. அப்போது கரையோரப் பாதையில் பாலங்கள் இல்லை, சபைக்குப் போகிறவர்கள் மட்டக்களப்பு தாண்டி பொலன்னறுவை, ஹபரணை என்று உள்நாடு சுற்றித் திருகோணமலைக்குப் போனார்கள். இருநூற்று அறுபத்து நான்கு கிலோமீற்றர். போகும் களைப்பில் விடுதியில் இரண்டு இரவு தங்கினார்கள். பிறகு பாலங்கள் வந்தன. பாதை நூற்று எழுபத்திரண்டாகக் குறைந்தது. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்படும் மெம்பர் இராச்சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். படிவத்தில் மட்டும் அவர் இன்னும் ஹபரணையைச் சுற்றிக்கொண்டு, ஆறாம் இலக்க அறையில் இரண்டு இரவு படுத்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வயதில் ஒரு நாள் அவள் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“வாப்பா, இப்ப நீங்க வாகரையாலதானே போறீங்க?”

“ஓம்.”

“அப்ப இதுல பொலன்னறுவ எண்டு எழுதுறது?”

மெம்பர் தேநீரை ஊதிக் குடித்தார். “எல்லா மெம்பர்மாரும் அந்த றூட்டத்தான் எழுதுற. நான் மட்டும் மாத்தினா அவங்களுக்குப் பிரச்சின வரும். நீ எழுது மகள். இந்த வீடு ஆருக்குக் கட்டுற?”

வீடு அவளுக்குத்தான். அந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை; மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான், பெற்றோர் வீட்டைக் கொடுத்துவிட்டு வேறிடம் போவார்கள். இரண்டு மாடி, தேக்குக் கதவு, உறுதி அஸ்பியாவின் பெயரில். அவள் பேனையை எடுத்து எழுதினாள். நூற்று எண்பத்தொன்பது இரவுகள் எழுதினாள். அந்த அறையில் ஒரு இரவும் யாரும் தூங்கவில்லை.

தூரம் வந்தபின் அந்த வீட்டில் வாழ்க்கை நடந்தது. வேறென்ன செய்வது. பஹ்மி கிழமைக்கு ஒருமுறை அரிசியும் மீனும் ஏற்றிவந்து, ஆறாம் இலக்க அறையில் கால் நீட்டிவிட்டுப் போனான். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம் அவன் நடந்து வந்தான். நெத்தலிக் கருவாடும் முருங்கையிலையும் தின்று நாலு மாதம் தள்ளினார்கள். அஸ்பியா வெளியே போகவில்லை. அந்நிய ஆணின் பின்னால் மூன்று மணித்தியாலம் குமர்ப்பிள்ளை போக முடியாது, தனியாக இரண்டு இரவு வெட்டவெளியில் படுக்கவும் முடியாது. மெம்பரும் போகவில்லை. அவருடைய காரணம் வேறு. முப்பது அடி என்று அவர் சொன்னார். படியில் கதிரையைப் போட்டு, தினமும் வெள்ளைச் சேட் மாற்றி, மாகாணத் தேர்தல் அறிவிப்பு வருமென்று உட்கார்ந்திருந்தார். தேர்தல் வைக்கப்படவில்லை. கேற்றில் சனம் வந்து நின்றால் பேசினார், உள்ளே வாங்க என்று கூப்பிட்டார், யாரும் வராததை மரியாதைக் குறைவென்று எடுத்துக்கொண்டார். அரச ஊழியர் ஒருவர் இந்தத் தூரம் எப்படி வந்ததென்று ஒருநாள் மெதுவாகக் கேட்டபோது, “எந்தத் தூரம்?” என்று திருப்பிக் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அஸ்பியாவுக்கு இருபத்தைந்து வயதில் ஒரு சம்பந்தம் வந்தது, இருபத்தேழில் ஒன்று, இருபத்தொன்பதில் ஒன்று. முதல் மாப்பிள்ளை வீட்டார் பலகாரப் பெட்டிகளோடு உள்ளே நடந்து பதினோராவது கிலோமீற்றரில் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது கூட்டம் கேற்றோடு நின்றது. மூன்றாவது மாப்பிள்ளை வெளியே வேறு வீடு கட்டித் தரச் சொன்னான். மெம்பர் படியிலிருந்து அவனைப் பேசிய பேச்சு கடற்கரை வரை கேட்டது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அஸ்பியா பகலில் தைத்தாள், மாலையில் ஜன்னலில் நின்று ஒழுங்கையைப் பார்த்தாள். அழுததாக யாரும் சொல்லவில்லை. முப்பது அடியில் அழுதால் கேட்டிருக்கும்.

றிபாத் வந்தது ஒரு பார்சலோடு. திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட பெரிய உறை. பழைய படிவங்களின் பிரதிகள், விளக்கம் கேட்டு மாகாண அலுவலகத்தின் கடிதம். உறை வழியில் கிழிந்திருந்தது. மேல் தாளை அவன் பார்த்துவிட்டான்.

“மெம்பர், உங்கட பார்சல். இந்த றூட்ட ஆரு எழுதின?”

“கேற்றில வெச்சிட்டுப் போ தம்பி,” என்றார் மெம்பர்.

ஜன்னலிலிருந்து அஸ்பியா சொன்னாள்: “நான்தான்.”

றிபாத் தாளை இன்னொருமுறை பார்த்தான். “கையெழுத்து நல்லாரிக்கி. ரோட்டுத்தான் பிழை.”

எட்டு வருடத்தில் அவள் சிரித்த சத்தம் அன்றுதான் ஒழுங்கைக்குக் கேட்டது. கடிதத்துக்கு மெம்பர் பதில் எழுதவில்லை, அவர்களும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் றிபாத் பஸ் இல்லாத நாட்களில் கேற்றடிக்கு வந்தான். நாலாம் மாதம் சகோதரியைக் கூட்டிவந்தான். தூரத்தை மறைக்க வேண்டாமென்று அஸ்பியாவே அந்த மனுசிக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

“கேட்டியா மனே?” என்றார் சகோதரி. “வேலைக்குப் போய் வாறதெண்டாலே இந்த முத்தத்த ஒவ்வொருக்காலும் ஓடணும்.”

“கட்டாருக்குப் போனவனெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வாறான். இது மூணு மணித்தியாலம் லாத்தா. நான் ஒரு நாளைக்கு ஓடுறதுல பாதி கூட இல்ல.”

காவின் எழுத்தைப் பற்றித்தான் கொஞ்சம் யோசனை இருந்தது. பதிவாளர் உள்ளே வர மறுத்தார். தனக்குள்ள பயணப்படியில் இந்த முற்றம் அடங்காது என்றார். கடைசியில், ஆளை ஆள் பார்க்கலாம், சொல்லைச் சொல் கேட்கலாம், ஆகவே கேற்றடியில் செய்யலாம் என்று முடிவானது. ஜும்ஆ முடிந்து எல்லோரும் கூடினார்கள். மெம்பர் படியில் எழுந்து நின்று மகளைத் தருவதாகச் சொன்னார்.

“கொஞ்சம் சத்தமா, மெம்பர்,” என்றார் பதிவாளர்.

“மேடையில கத்தின வாய்தானே,” என்று சனத்துக்குள் யாரோ சொன்னார்கள்.

றிபாத் ஏற்றுக்கொண்டான். சாட்சிகள் கேட்டார்கள். பதிவேட்டை பஹ்மி துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், மெம்பரின் கையெழுத்தோடு இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தான். பதிவாளர் அதுவரை கேற்றடியில் மூன்று தரம் வட்டிலப்பம் சாப்பிட்டார். பிறகு மாப்பிள்ளை உடுப்போடு றிபாத் மோட்டார் சைக்கிளில் ஏறினான். நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுப் படியில் போய் இறங்கினான். காலைக் கழுவ றஹீமா தண்ணீர் ஊற்றினார்.

ஒரு கிழமையில் அவன் மாமியைப் பின்னால் ஏற்றிக் கொண்டுபோய், அவருடைய சொந்தச் சீதன வீட்டில், கடற்கரைப் பள்ளிக்கு அருகில் விட்டான். அது வழக்கம். மகளுக்குக் கொடுத்த வீட்டில் பெற்றோர் நாற்பது நாளுக்கு மேல் நிற்பதில்லை. மெம்பரையும் கூப்பிட்டான்.

“முப்பது அடிக்கு மோட்டார் சைக்கிளா,” என்றார் மெம்பர். “ஊர் சிரிக்கும். நான் நாளைக்கு நடந்து போறன்.”

நாளைக்கு என்று முப்பத்தொன்பதாம் நாள் வரை சொன்னார். றிபாத் திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை வந்தான், மாமாவுக்குப் பத்திரிகை வாங்கிவந்தான். ஆனால் வீட்டில் மூவர் இருந்தார்கள், மூன்றாமவர் படியிலிருந்து வாசலை மறித்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனிடம் இது தன் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரை வீட்டில் றஹீமா தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். நாற்பதாம் நாள் காலையில் அஸ்பியா ஒரு தோள்பையைக் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு சாரம், மூன்று சேட், தொழுகைப் பாய், பாண் ஒரு றாத்தல், ஒரு போத்தல் தண்ணீர்.

“நாளைக்கு மகள்.”

“இண்டைக்கு வாப்பா. உம்மா தனிய இரிக்கா.”

“தேர்தல் வந்தா சனம் இஞ்சதான் தேடி வரும்.”

“வந்தா நான் அங்க அனுப்புறன்.”

மெம்பர் ஒழுங்கையைப் பார்த்தார். ஒழுங்கையில் யாருமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீயும்தானே எழுதின.”

அந்தத் தூரத்தை ஒத்துக்கொண்டு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

“ஓம். நான் எழுதினன்,” என்றாள் அஸ்பியா. “எழுதினத்துக்கு எட்டு வருஷம் உள்ளுக்க இருந்திட்டன். எழுதச் சொன்னத்துக்கு நீங்க மூணு நாள் நடங்க.”

அவர் பத்திரிகையை மடித்தார். சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, பிறகு வெயிலைப் பார்த்துவிட்டுக் கழற்றினார். பையைத் தூக்கி எடை பார்த்தார்.

“தண்ணி இன்னொரு போத்தல் வை,” என்றார்.

அவள் உள்ளே போய் இரண்டு போத்தல் கொண்டுவந்து வைத்தாள். ஒரு குடையும் கொடுத்தாள். செருப்பை விட்டுவிட்டு றிபாத்தின் பழைய சப்பாத்தைப் போடச் சொன்னாள். அவர் மறுக்காமல் போட்டார், நூலை அவளே குனிந்து கட்டிவிட்டாள். மெம்பர் கதிரையின் கையைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கி, மணலில் கால் வைத்தார். கேற் எதிரே, கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, நீண்ட வழி நடக்கிறவர்கள் நடப்பதுபோல் நடக்கத் தொடங்கினார். அரை மணித்தியாலத்தில் படியிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தார். அஸ்பியா கதிரையை உள்ளே எடுத்தாள், தேக்குக் கதவைச் சாத்தினாள், திறப்பை இரண்டு தரம் திருப்பினாள்.