சித்தியின் பதில் வந்துசேரும் நேரம்

1

இந்தக் கதை ஒரு கணினிக் கோளாறிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போன பிறகு என் சித்தி கணினி வழியாகத்தான் பேசுகிறார். அவர் டைப் அடிப்பார். ஒரு பெண்குரல் அதை வாசிக்கும். அதே பழைய லினக்ஸ் கணினியில்தான் சித்தப்பாவும் செய்தி படிப்பார், பாட்டுத் தேடுவார், மனை விலை பார்ப்பார். திறந்த எதையும் மூடமாட்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மௌனம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று சித்திக்கு—'

வேண்டாம். அவர் மௌனமாக இருந்ததே இல்லை. தாமதமாக இருந்தார், அவ்வளவுதான்.

2

(கொஞ்சம் தொழில்நுட்பம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நினைவகம் நிரம்பினால், அப்போதைக்குச் சும்மா இருப்பதை, கணினியை இயக்கும் லினக்ஸ் மெதுவான டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். சித்தப்பா பாட்டுத் தேடும்போது சும்மா இருப்பது எது? சித்தியின் குரலாக வாசிக்கும் மென்பொருள். பிறகு சித்தி டைப் அடித்து என்டரைத் தட்டினால், டிஸ்க் கரகரவென்று தேடி அதை எடுத்துவர வேண்டும். அதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சித்தப்பா தெருமுனையைத் தாண்டிய பின், 'சோப்பு வாங்கிட்டு வாங்க' என்று ஆளில்லாத கூடத்தில் அந்தக் குரல் சொல்லும்.

3

சித்தப்பாவைக் கல்நெஞ்சக்காரராக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவருக்குக் காத்திருக்கத் தெரியாது. பதில் வராத இடத்தைத் தன் பேச்சாலேயே நிரப்பிக்கொண்டார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிடுவது என்பதையும் அப்படித்தான் முடிவுசெய்தார். "அவளும் ஒண்ணும் சொல்லல" என்றார் என்னிடம்.

[சித்தி சொல்லியிருந்தார். அது ஒலித்தபோது சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தார்.]

4

அவர்கள் மகள், எனக்குத் தங்கை, விடுமுறையில் வந்தாள். அலுவலகங்களில் கணினிகளைப் பராமரிப்பது அவள் வேலை. காலையில் கொஞ்ச நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கணினியில் ஓர் அமைப்பை மாற்றினாள்.

"அம்மா குரலத் தூக்கிப் பரண்ல போட்டு வச்சிருக்கீங்கப்பா," என்றாள். "இனிமே மடிச்சுக் கைக்கிட்டயே வச்சுக்கும்."

அதாவது, டிஸ்க்குக்கு அனுப்பாமல் நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைப்பது. திரும்ப விரிக்கப் பிராசஸருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. ஆனால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அந்த இடமும் நிரம்பிவிட்டால்? அதற்காக டிஸ்க்கைக் கடைசிப் புகலாக விட்டுவைத்தாள். (புது மெமரி வாங்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கணினிக்குப் பொருந்துவது இப்போது கிடைப்பதில்லை.)

5

மாலையில் வரலாமா என்று வீட்டுத் தரகர் கேட்டாராம். "வரச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா வழக்கம்போல எழுந்து சட்டையை எடுத்தார்.

"வேண்டாம்" என்றது கணினி.

ஒரு கை சட்டைக்குள் இருக்க, அப்படியே நின்றார்.

இந்த இடத்தில் சித்தியை அழவைத்திருந்தேன். வரைவைப் படித்த சித்தி அந்த வரியை அடித்துவிட்டு, 'எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு' என்று டைப் அடித்தார். ஆகவே: சித்திக்கு எரிச்சல் வந்தது.

சித்தப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏன்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

6

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் வீடு விற்கப்படவில்லை. இன்னொன்றில் காரணங்களையெல்லாம் கேட்ட பிறகு, இருவருமாகச் சேர்ந்து விற்கிறார்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன்.

நான் பார்த்தது இவ்வளவுதான். சித்தி நீளமாக டைப் அடிக்கத் தொடங்கினார். நானும் தங்கையும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே அந்தப் பெண்குரல் பேசிக்கொண்டே இருந்தது. சித்தப்பாவின் குரல் கேட்கவில்லை.

வீடு என்னவாயிற்று என்பதை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். சித்தி என்ன சொன்னார் என்பதை மட்டும் யாரும் இட்டுக்கட்ட வேண்டாமாம். அவரே சொல்லச் சொன்னார்.