நாணல் குட்டைக்கு வந்த தண்ணீர்

"சாணித் தண்ணி நாணல் வழியா போனா எவ்வளவு சுத்தமாகும்னு உன் கம்ப்யூட்டருக்கு எப்படிடீ தெரியும்? அது என்ன மோந்தா பாக்குது?" என்று அக்கா ஒருநாள் கேட்டபோது சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் மோந்து பாத்துச் சொல்றேன், அது நம்புது."

உண்மையும் அதுதான். அக்காவின் மாட்டுப் பண்ணையில் கொட்டில் கழுவும் தண்ணீர், நாணல் நட்ட குட்டைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஓடைக்குப் போகும். மாதம் ஒரு வாரம் சின்னவள் வந்து தங்குவாள். உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே போகும் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துச் சோதிப்பாள். அந்த எண்களை வைத்துத்தான் கணினியில் கணக்குப் போட்டாள். மாடுகளை இரண்டு மடங்காக்கினாலும் குட்டை தாங்கும் என்றது கணக்கு. பண்ணையைப் பெருக்க அனுமதி தரும் அலுவலகமும் தலையாட்டிவிட்டது. அந்தச் சேதியை நேரில் சொல்லத்தான் இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள்.

முதல் குட்டையின் வாயில் கன்னங்கரேலென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசிக் குட்டையிலும் அதே நுரை, அதே நாற்றம். அவள் ஒருமுறைகூட இங்கே பார்த்திராத தண்ணீர்.

"என்னக்கா இது?"

"தினமும் வர்றதுதான். நீ வர்ற வாரம் மட்டும் பழைய குழிக்குத் திருப்பி விட்டுடுவோம். சேத்துல நிக்கிற பொண்ணு நாத்தத்துலயும் நிக்கணுமா?" அக்காவின் முகமெல்லாம் பெருமை.

"அப்போ நான் அளந்தது வெறும் முற்றம் கழுவின தண்ணியா? கணக்கே தப்புக்கா. உடனே அலுவலகத்துல சொல்லணும்."

அக்காவின் கணவர் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "உன் கணக்க நம்பிப் புது மாடெல்லாம் வண்டி ஏத்தியாச்சு. வாய மூடிக்கிட்டு இரும்மா, புண்ணியமாப் போகும்."

"கீழ இருக்கறவங்க ஓடைத் தண்ணியத்தான் குடிக்கறாங்க மாமா."

"இத்தனை நாளா குடிக்கலையா? எவனாவது செத்தானா?"

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். "நீ கூட வந்து சொல்லுக்கா. இல்லன்னா நான் தெரிஞ்சே பொய்க் கணக்குக் குடுத்தேன்னு நினைப்பாங்க. அப்புறம் எனக்கு எவனும் வேலை தரமாட்டான்."

"உனக்காகத்தானேடி செஞ்சேன்."

"இப்பவும் எனக்காகத்தான் கேக்கறேன்."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் வாளியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அக்கா தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். குனிந்து மண்வெட்டியை எடுத்தாள். கொட்டிலுக்குள் போய்விட்டாள்.