ஏழரை மணிக்கு மூன்று பேர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. போன டிசம்பரில், 1966இல், ஆராதனை முடிந்து ஆலயத்து வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது விமலாராணி டீச்சர் சொன்னது. பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளிக்கூட டீச்சர். எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. ஆனா எங்கம்மாளுக்கு ரெக்கை கட்டி உட்றாதீங்க.”

கட்டமாட்டேன் என்றேன். முதல் பிரதியிலேயே கட்டிவிட்டேன்.

2

எப்படித் தொடங்குவது?

‘கோயமுத்தூரில் மழை கொட்டிய ஒரு ஞாயிறு காலை, வெள்ளைக்காரர்கள் கட்டிய அந்த ஆலயத்தின்—’

(மழையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன். என்ன செய்ய, அன்றைக்கு மழை பெய்திருக்கிறது.)

1937. ஆலயத்தில் இரண்டு ஆராதனைகள். ஏழரைக்கு ஆங்கிலத்தில், துரைமார் குடும்பங்களுக்கு. பத்துக்குத் தமிழில், மற்ற எல்லோருக்கும். கல்யாணமான புதிதில் கிருபாவதி, விமலாராணியின் அம்மா, நேரம் தெரியாமல் சீக்கிரமே வந்து, மழைக்கு ஒதுங்கி முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். மில் இன்ஜினியரின் மனைவி, மிஸஸ் பெல்லமி. சமையல்கார முத்தாத்தாளிடம் தமிழ் கற்றவள்.

“எந்திரிங்க அம்மணி. உங்களுது பத்து மணிக்குங்க.”

இவ்வளவு மரியாதையாக ஒருவரை எழுப்பிவிட எங்கள் ஊர்த் தமிழால்தான் முடியும். கிருபாவதி எழுந்துபோய் வாசல் வளைவுக்குக் கீழே பத்து மணிவரை நின்றார்.

3

‘இருபத்தொரு வருடங்கள் உருண்டோடின’ என்று எழுதி அடித்துவிட்டேன். வருடங்கள் உருளவில்லை. துரைகள் கப்பலேறினார்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது. தமிழ் ஆராதனையில் பாய் விரித்தும் இடம் போதவில்லை.

(அறுப்பின் பண்டிகைக்குப் பக்கத்துத் தோட்டத்து கோவிந்தராஜுலு நாயுடு கரும்புக்கட்டு அனுப்புவார். காணிக்கைகளை ஏலம் விடத் தொடங்கியதும் அவரே வந்து அதை அதிக விலைக்குக் கேட்டு எடுத்துப்போவார். கதைக்கு இது வேண்டியதில்லை. விட மனமில்லை.)

ஏழரை மணிக்கு வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1958இல் கடைசித் துரை குடும்பமும் குன்னூருக்குப் போனபின் மிஸஸ் பெல்லமி மட்டும் மிஞ்சினாள். கணவரின் கல்லறை இங்கே இருந்தது. ஊருக்குப் போக மனம் வரவில்லை.

போதகர் தேவானந்தம் அவள் ஒருத்திக்காகப் பழைய ஆங்கில ஜெபங்களை வாசித்தார். ஆனால் நற்கருணை அப்பமும் திராட்சரசமும் கொடுக்க முடியவில்லை. வாங்குவதற்கு மூன்று பேராவது இருக்கவேண்டும் என்பது பழைய ஜெப புத்தகத்தின் விதி. விதியை மீறவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

பீடத்துக்குப் பூ வைக்க வந்த கிருபாவதி, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தார். போதகரிடம் காரணம் கேட்டார்.

“ஏனுங்க பாஸ்டர், நானும் விமலாவும் வந்தா ஆகுமுங்களா?”

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா.”

“ஆமென் சொல்லத் தெரியுமுங்க.”

4

இங்கேதான் எனக்குக் கிருபாவதி மேல் சந்தேகம். தன்னை எழுப்பிவிட்டவளுக்காக ஏன் போனார்? ‘மன்னிப்பின் ஒளி அவர் முகத்தில்—’ என்று எழுதி விமலாராணியிடம் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“ஒளியாவது! வழியெல்லாம் என்னையத் திட்டிட்டே வந்தாங்க. தலை காயலை, ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கலை. ‘அப்புறம் எதுக்கும்மா போறோம்’னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘பந்தியில ஒத்தை ஆளா உட்கார்ந்திருக்கறவளுக்கு எல போடமாட்டேன்னா, அவ பசி எங்கடி போகும்? நட சும்மா’ன்னாங்க.”

நான் எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

5

அன்று மிஸஸ் பெல்லமி முன்வரிசையில் தனியாக இருந்தாள். தாயும் மகளும் அவளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். கிருபாவதி தப்பான இடத்திலும் இரண்டு முறை பலமாக ஆமென் சொன்னார். மூன்று பேரும் பீடத்தருகே முழங்காலிட்டார்கள். அப்பத்தை வாங்கிக்கொண்டு எழுந்த மிஸஸ் பெல்லமியின் முழங்கையைக் கிருபாவதி தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மிஸஸ் பெல்லமி கேட்டாள்: “நீங்க இங்க புதுசுங்களா அம்மணி? முன்ன பார்த்ததில்லீங்களே?”

விமலாராணி தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வி இருபத்தொரு வருடம் தாமதமாக வந்திருக்கிறது. கிருபாவதி வாய் திறந்த நேரத்தில் பத்து மணி ஆராதனைக்கு ஒன்பதுக்கே அடிக்கும் முதல் மணி அடித்தது. என்ன சொன்னார் என்று மகளுக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, “பொம்பளைங்க பேசிக்கிட்டது. உனக்கெதுக்கு?” என்றாராம். மிஸஸ் பெல்லமி 1963இல் இறந்துபோனாள். கிருபாவதி போன வருடம்.

6

இரண்டு பதில்கள் எழுதினேன்.

“ஆமாங்க, புதுசுதானுங்க.” (இதில் கருணை இருக்கிறது. ரெக்கை முளைக்கிற ஆபத்தும் இருக்கிறது.)

“ஒருக்கா வந்தனுங்க. நீங்கதானுங்க எழுப்பி உட்டீங்க.” (இதில் நியாயம் இருக்கிறது. பதினெட்டு வயது மகள் எதிரில் அதைச் சொல்லியிருப்பாரா?)

இரண்டையும் அடித்துவிட்டேன். அந்த வாக்கியம் மணிச் சத்தத்துக்குள் இருக்கிறது. உங்களுக்குக் கேட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மிஸஸ் பெல்லமி அன்று வீட்டுக்குப் போகவில்லை. கிருபாவதியின் பின்னாலேயே தமிழ் ஆராதனைக்கு வந்தாள். பெஞ்சு நிரம்பியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் குனிந்து, பாயில் உட்கார்ந்தாள்.

“தள்ளி உட்காரு கண்ணு, இந்தம்மாவுக்குக் கால் நீட்ட எடம் வேணும்” என்று கிருபாவதி மகளிடம் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.