பிரெஞ்சுக்காரனே ஆறரை சொல்றான்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு வரி என்னுடையதில்லை, திருட்டு வரி. மீதியெல்லாம் அந்த ஒரு வரிக்காக நான் கட்டிய கொட்டகை.

கலிபோர்னியாவில், பிளசன்டன் பக்கம் ஓர் இந்தியக் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பில் போடும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு தம்பதி, நாற்பதுகளில் இருப்பார்கள். அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் காதுள்ள எவனுக்கும் கேட்கும்படியாக, இப்படிக் கேட்டாள்:

"பிரெஞ்சுக்காரனே ஆறரை சொல்றான். நீங்க ஆறா?"

அந்த மனிதர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கல்லாப் பெண் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். நான் ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடும் பாதிக் கதையோடும் வீடு வந்து சேர்ந்தேன்.

(கறிவேப்பிலை அன்றைக்கே ரசத்தில் போய்விட்டது. கதைதான் இன்னும் கையில் கிடந்து வாடுகிறது.)

2.

தொடக்கம் ஒன்று: "பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில், ரோன் நதியின் மேல் பனி மெல்ல—"

வேண்டாம். நான் லியோனுக்குப் போனதில்லை. போகாத ஊருக்குப் பனி இறக்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "அனந்தலக்ஷ்மி ஜன்னலோரம் நின்று வெளியே வெறித்துப்—"

பிளசன்டனில் ஜன்னலுக்கு வெளியே தெரிவது பக்கத்து வீட்டுக் கராஜ் கதவு. அதை எவ்வளவு நேரம்தான் வெறிப்பாள், பாவம்.

தொடக்கம் மூன்று: "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனந்தலக்ஷ்மி ஆபீஸில் பதில் சொல்லியாக வேண்டும்."

இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

3.

அனந்தலக்ஷ்மிக்குச் சோறு போடுவது பிரெஞ்சுக்காரர்கள். அவள் வேலை செய்யும் கம்பெனி பல தேசத்து ஜனங்களிடம் கேள்வி கேட்டு, பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு விற்கிறது. அதில் பிரான்ஸ் அவள் பொறுப்பு.

வருஷா வருஷம் மீட்டிங்கில் ஒரே கேள்விதான் வரும். இந்த ஜனங்கள் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அமெரிக்கர்களுக்கு அதில் பாதி வாய்த்தால் பெரிது. வருஷத்தில் ஐந்து வாரம் சம்பளத்தோடு லீவு, அதுவும் சட்டப்படி. ஆயுசும் அமெரிக்கர்களைவிடக் கெட்டி. அப்படியிருந்தும், "உன் வாழ்க்கை ஓர் ஏணி, அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து, நீ எந்தப் படியில் நிற்கிறாய்?" என்று கேட்டால், சராசரியாக ஆறரைக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறார்கள். கார் ஓட்டிக்கொண்டே சாண்ட்விச் தின்கிற அமெரிக்கன் அவர்களைவிட ஒரு நூல் மேலே நிற்கிறான். பின்லாந்துக்காரர்கள் ஏழரையைத் தாண்டிவிட்டார்கள்.*

ஏன் இப்படி? அனந்தலக்ஷ்மி எழுந்து பிரெஞ்சுக்காரர்களுக்காக வாதாடுவாள். பள்ளிக்கூடத்திலேயே அவர்களுக்கு இருபதுக்குத்தான் மார்க். பதினாறு வாங்கினால் வீட்டில் கொண்டாட்டம். இருபது கடவுளுக்கு என்று ஒரு பழைய பேச்சே அங்கே உண்டாம். முழு மார்க் போடக் கை வராத ஜனங்கள் அவர்கள். ஆகவே அவர்கள் ஆறு என்றால் அதை ஆறு என்று படிக்கக் கூடாது, அட்ஜஸ்ட் பண்ணிப் படிக்க வேண்டும்.

இதை அவள் அத்தனை அழகாகச் சொன்னதன் பலன், கம்பெனி அவளை இரண்டு வருஷம் லியோனுக்கே போகச் சொல்லிவிட்டது.

* இந்தியர்கள் நாலை ஒட்டி. ஏழரை என்றதும் உங்களுக்குச் சனி பகவான் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

4.

அவளுக்குப் போக ஆசை. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து இங்கே வந்ததும் அவளுடைய வேலைக்காகத்தான். அவள் கணவர் நஞ்சுண்டன் அங்கே ஒரு டீமையே நடத்திக்கொண்டிருந்தவர். இங்கே வந்து, தன்னைவிட வயதில் சின்னவனுக்குக் கீழே முதலிலிருந்து தொடங்கினார். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தல். ஒருமுறை சண்டை போட்டுத் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மனிதரை இன்னொரு முறை வேரோடு பிடுங்கலாமா?

லியோன் விஷயத்தை அவரிடம் சொல்லியாயிற்று. வரச் சம்மதமா என்று நேரே கேட்கத் தைரியம் வராமல், சனிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டே தொழில் முறையில் கேட்டாள்.

"ஒரு ஏணி இருக்குன்னு வெச்சுக்கோங்கோ."

"கராஜ்ல இருக்கே, அதுவா?"

"விளையாடாதீங்கோ. கீழ்ப் படி ஜீரோ, மேல் படி பத்து. உங்க லைஃப் இப்போ எந்தப் படில இருக்கு?"

"யாருக்கு இது, ஆபீஸுக்கா?"

"எனக்கு."

நஞ்சுண்டன் தோசையை ஒரு விள்ளல் விண்டார். "ஆறுன்னு போட்டுக்கோ."

பதினோரு வயதுப் பெண் ஷ்ரேயா ஐபேடிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஐயாம் நைன் பாயின்ட் ஃபைவ். இஃப் வீ கெட் எ டாக், டென்."

"ஆறுதானா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"ஏன், ஆறுக்கு என்ன கொறச்சல்? சட்னி இன்னும் இருக்கா?"

சட்னியைப் போட்டாள். போட்டுக்கொண்டே காணாமல் போன நாலு படிகளையும் தேட ஆரம்பித்தாள். ஒன்று, எடிசன் வேலை. இரண்டு, அந்தச் சின்ன வயது பாஸ். மூன்று, அங்கே விட்டுவிட்டு வந்த பாட்மின்டன் கோஷ்டி. நாலாவது படி தான்தானோ என்று தோன்றியதும் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். தோசை இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.

இங்கே கதாசிரியன் குறுக்கிட வேண்டியிருக்கிறது. இந்த மனிதர் அவள் சமையலுக்கு இதுவரை கொடுத்த உச்சபட்சப் பாராட்டு "பரவால்லையே" என்பது. பெண் பிறந்த அன்று நர்ஸிடம் அவர் சொன்னது "ஓகே, குட்". இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு தேசத்தையே அட்ஜஸ்ட் பண்ணிப் படிக்கத் தெரிந்தவளுக்கு, எதிரே தோசை தின்கிற ஒருவரை மட்டும் படிக்க வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

5.

என் பிரச்சினை நஞ்சுண்டன்.

அந்தப் பெயரை ஏன் வைத்தேன் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். விஷத்தைத் தொண்டையிலேயே நிறுத்தியவன் பெயர். பெயருக்குள் குறியீடு வைப்பது மட்டமான பழக்கம், தெரியும். மாற்றிப் பார்த்தேன். வேறு எந்தப் பெயரிலும் ஆள் சட்னி கேட்க மாட்டேன் என்கிறார்.

அவரைப் பேச வைக்கப் பட்ட பாடு இது:

"லக்ஷ்மி, நான் ஆறுன்னு சொன்னது கொறச்சலாச் சொன்னதில்ல. நம்ம ஊர்ல யாராவது நன்னா இருக்கேன்னு வாய் விட்டுச்—"

அடித்துவிட்டேன். இருபது வருஷமாக "ம்" போட்டுக் குடித்தனம் நடத்தியவர் திடீரென்று பாரா பாராவாகப் பேசினால் அவள் டாக்டரைத்தான் கூப்பிடுவாள்.

6.

ஆக, மறுநாள் கடை. தள்ளுவண்டியில் சோனா மசூரி மூட்டை, முருங்கைக்காய். இரவெல்லாம் புரண்டவள், வரிசையில் நின்றபடி அந்தத் திருட்டு வரியைக் கேட்டுவிட்டாள். அவர் வாயைத் திறக்கிறார். முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

முதல் முடிவு. "பத்து" என்கிறார். அவள் கண் கலங்குகிறது. இது தீபாவளி மலருக்கு ஆகும், எனக்கு ஆகாது.

இரண்டாவது. "ஆறுதான்" என்கிறார். வெள்ளிக்கிழமை அவள் லியோன் வேண்டாம் என்று எழுதிவிடுகிறாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதை எழுதிவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதினவனுக்கே இறங்காததை உங்களுக்குப் பரிமாறுவானேன்?

மூன்றாவது. "கராஜ் ஏணியை ஷிப் பண்ணணுமா, இல்ல லியோன்லயே வாங்கிக்கலாமா?" என்கிறார். இதில் எனக்கு ரொம்ப நாள் மயக்கம் இருந்தது. ஊருக்குப் போகச் சம்மதம் கிடைத்துவிடுகிறது, ஆளும் மாறவில்லை. ஆனால் அவள் கேட்டது சம்மதம் இல்லையே. தன்னோடு வாழ்ந்ததில் அந்த மனிதர் எந்தப் படிக்கு வந்திருக்கிறார் என்றுதானே கேட்டாள்? அதற்கு ஏணி விலை விசாரிப்பது பதிலாகாது.

7.

முதல் பகுதியில் ஒன்றை மறைத்துவிட்டேன்.

கல்லாப் பெண் என்னைக் கூப்பிட்டது நிஜம். அவர் வாயைத் திறந்ததும் நிஜம். ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் வாயை மூடிக்கொண்டுவிட்டார். திறந்த வாயோடு இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பிறகு நேரே என்னைப் பார்த்தார். கறிவேப்பிலையும் கையுமாக, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு தமிழ் முகம். சட்டென்று உதடு ஒட்டிக்கொண்டது. மூட்டையை நேராக்குவதுபோல் குனிந்துவிட்டார்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்ந்தவர். ஆறை எங்கேயும் சொல்லலாம், ஊரைக் கூட்டிச் சொல்லலாம். ஆறு சொல்லப் போகிறவன் யாரும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வதில்லை.

அவர் தடுமாறியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவள் அப்போது முருங்கைக்காயை எடுத்துக் கல்லா பெல்ட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் அவர்களைக் கடையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மூட்டையை டிக்கியில் ஏற்றியாயிற்று. கார்க் கதவுகள் சாத்தியாயிற்று, கண்ணாடிகளும் ஏற்றியாயிற்று. இஞ்சின் இன்னும் கிளம்பவில்லை. அவள் முன்னால் பார்த்துக்கொண்டு, "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல," என்கிறாள்.

நஞ்சுண்டன் இடது பக்கம் பார்க்கிறார், வலது பக்கம் பார்க்கிறார். பார்க்கிங் லாட்டில் யாரும் இல்லை, உங்களையும் என்னையும் தவிர.

நான் திரும்பிக்கொண்டுவிட்டேன். நீங்களும் தயவுசெய்து கொஞ்சம் அந்தப் பக்கம்—